துரைமார் பாடம் படித்த கதை

போரிஸ் ஜான்சன் எதற்கும் சொன்ன நேரத்துக்கு வருகிற ஆள் இல்லை. 2020 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் கொரோனாவைப் பற்றிக் கூடிய முதல் ஐந்து அவசரக் கூட்டங்களில் பிரதமர் தலைகாட்டவே இல்லை. ஊரடங்குக்கும் பிந்தித்தான் வந்தார். ஆனால் 2023 டிசம்பர் 6 அன்று மட்டும் மனிதர் மூன்று மணி நேரம் முன்னதாகவே ஆஜர். லண்டன் பேடிங்டனில் இருக்கும் டோர்லண்ட் ஹவுஸில், பிரிட்டன் அரசு அமைத்த கொரோனா விசாரணை ஆணையத்தின் முன்னால் அன்று அவர் சாட்சி சொல்ல வேண்டும். விசாரணை காலை பத்து மணிக்கு. அவரோ ஏழு மணி வாக்கில், டிசம்பர் இருட்டு கலைவதற்குள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். அப்பாவின், அம்மாவின், மனைவியின் படத்தைக் கையில் பிடித்தபடி வாசலில் நிற்கப்போகிறவர்கள் முகத்தில் விழிக்க வேண்டாமே. நாட்டைக் காப்பாற்ற வராத சுறுசுறுப்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வந்துவிட்டது.

உள்ளே அவர் வருத்தம் தெரிவிக்கத் தொடங்கியதும் பார்வையாளர் வரிசையில் இருந்த நான்கு பெண்கள் அட்டைகளைத் தூக்கிப் பிடித்தார்கள். உங்கள் மன்னிப்பு செத்தவர்கள் காதில் விழாது என்று எழுதியிருந்தது. உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. வெளியே அனுப்பிவிட்டார்கள். கொரோனா விஷயத்தில் பிரிட்டன் அதிகாரம் எடுத்த நடவடிக்கைகளிலேயே மிக வேகமானது அதுவாகத்தான் இருக்கும்.

இந்த ஆணையத்தின் அருமை பெருமைகளைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தலைவர் ஹீதர் ஹாலெட், ஓய்வுபெற்ற மேல்முறையீட்டு நீதிபதி, பிரபுக்கள் சபை உறுப்பினர். கண்டிப்பானவர், அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஜான்சனே 2021 மே மாதம் அறிவித்த விசாரணை இது. 2022 ஜூனில் முறைப்படி தொடங்கி, 2023 ஜூனில் பொது அமர்வுக்கு வந்தது. மொத்தம் பத்துப் பகுதிகள். 2025 இறுதியில் செலவு 20 கோடி பவுண்டை நெருங்கியிருந்தது. ஆணையம் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் தயாரிக்க அரசுத் துறைகள் வக்கீல்களுக்கும் அலுவலர்களுக்கும் அழுதது தனியாக 10 கோடிக்கு மேல். கேள்வி கேட்பதும் மக்கள் பணத்தில், பதிலை மழுப்புவதும் மக்கள் பணத்தில்.

இவ்வளவும் 2005-ஆம் ஆண்டின் விசாரணைச் சட்டப்படி நடக்கிறது. முதல் பிரிவு, அமைச்சர் விசாரணை அமைக்கலாம் என்கிறது. இரண்டாவது பிரிவு, அந்த விசாரணைக்கு யார் மீதும் உரிமையியல் பொறுப்போ குற்றவியல் பொறுப்போ சுமத்த அதிகாரம் இல்லை என்கிறது. முதல் பிரிவில் கூண்டில் ஏறு என்கிறார்கள், மை காய்வதற்குள் இரண்டாவது பிரிவில் பயப்படாதே என்று முதுகில் தட்டிக்கொடுக்கிறார்கள். அந்த இரண்டாவது பிரிவை வரைந்த குமாஸ்தாவுக்கு டௌனிங் தெரு முனையில் சிலை வைக்க வேண்டும். வந்துபோகிற பிரதமர்கள் கும்பிட்டுவிட்டுப் போகலாம்.

பிறகு எதற்கு விசாரணை என்று கேட்பீர்கள். பாடம் கற்றுக்கொள்வதற்காம். விசாரணையின் எல்லைகளை வகுத்த ஆவணத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. பிரிட்டனில் கொரோனா என்று இறப்புச் சான்றிதழில் எழுதப்பட்டவர்கள் இரண்டு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். அவ்வளவு பேர் செத்தால்தான் புரிகிற பாடம் எது என்று நானும் தேடிப் பார்த்தேன். சீக்கிரம் கதவைச் சாத்து, முதியவர்களைச் சோதிக்காமல் அனுப்பாதே, செவிலியருக்கு அங்கி கொடு, பொய் சொல்லாதே. நாலாங்கிளாஸ் பாடத்தைத் தாண்டி ஒன்றும் தேறவில்லை.

அந்தப் பாடத்துக்கே பிள்ளைகள் நோட்டைத் தொலைத்துவிட்டுத்தான் வந்தார்கள். ஜான்சனின் கதையைக் கேளுங்கள். அவருடைய கைபேசி எண் பதினைந்து ஆண்டுகளாக இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்தது 2021-இல் தெரியவந்தது. பாதுகாப்புக்காகப் பழைய போனை அணைத்து வைத்தார். பிறகு அதன் கடவு எண் மறந்துபோனது. நிபுணர்களை வைத்துத் திறந்தால், 2020 ஜனவரி கடைசியிலிருந்து ஜூன் வரைக்குமான சுமார் 5,000 வாட்ஸ்அப் செய்திகளைக் காணோம். எப்படிப் போயின என்று தெரியாது என்கிறார். மாதங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். வைரஸ் நாட்டுக்குள் நுழைந்ததிலிருந்து முதல் அலை ஓய்கிற வரை. முன்னால் இருந்ததும் பின்னால் இருந்ததும் பத்திரம். மறதிக்கும் எவ்வளவு நேர்த்தி!

ரிஷி சுனக் கொரோனாக் காலத்தில் நிதியமைச்சர், சாட்சி சொல்ல வந்தபோது பிரதமர். ஸ்டான்ஃபோர்டில் படித்தவர், கலிஃபோர்னியாவில் இருந்துவிட்டு வந்தவர், தொழில்நுட்பம் என்றால் கண்ணில் ஒளி வந்துவிடும். 2023 நவம்பர் தொடக்கத்தில் உலகத் தலைவர்களைக் கூட்டி செயற்கை நுண்ணறிவுப் பாதுகாப்பு மாநாடு நடத்தினார். இடம் பிளெட்ச்லி பார்க். ஹிட்லர் படையின் ரகசியச் சங்கேதங்களை உடைத்த அதே மாளிகை. அடுத்த மாதமே ஆணையத்தின் முன்னால் வந்து, பல முறை போன் மாற்றிவிட்டேன், பழைய வாட்ஸ்அப் செய்திகள் என்னிடம் இல்லை என்றார். ஜெர்மானியக் கடற்படையின் செய்தியைப் படித்துவிட்ட தேசத்தால் தன் நிதியமைச்சரின் செய்தியைப் படிக்க முடியவில்லை. கைபேசிக் கடைப் பையன் பத்து நிமிடத்தில் பழைய போனிலிருந்து புதுப் போனுக்கு ஏற்றிக் கொடுக்கிற சமாச்சாரம்.

ஸ்காட்லாந்துக்கான அமைச்சராக இருந்த அலிஸ்டர் ஜாக், போனில் இடம் போதவில்லை என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டார். எடின்பரோவில் இன்னும் விசேஷம். அங்கே லண்டனைப் போலப் பொய் சொல்ல மாட்டோம் என்று மார்தட்டிய அரசு அல்லவா? ஸ்காட்லாந்தின் தேசிய மருத்துவ இயக்குநராக இருந்த ஜேசன் லீட்ச், வாட்ஸ்அப்பை அழிப்பது தனக்குத் தூங்கப் போகும் முன் செய்கிற சடங்கு என்று சகாக்களுக்கு எழுதியிருக்கிறார். பிறகு, அது விளையாட்டுக்குச் சொன்னது என்றார். கென் தாம்சன் என்ற மூத்த அதிகாரி, இந்தக் குழுவில் பேசுவதெல்லாம் தகவல் அறியும் சட்டத்தில் வெளிவந்துவிடும், அழிக்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று அன்போடு நினைவூட்டியிருக்கிறார். ஸ்காட்லாந்து முதலமைச்சராக இருந்த நிக்கோலா ஸ்டர்ஜன், எதையும் மறைக்க மாட்டேன் என்று 2021-இல் செய்தியாளர்களிடம் உறுதி சொன்னவர். 2024 ஜனவரியில் ஆணையத்தின் முன்னால் கண்கலங்கியபடி, அழித்துவிட்டேன் என்று ஒத்துக்கொண்டார். வேல்ஸில் சுகாதார அமைச்சராக இருந்த வாகன் கெதிங், தகவல் அறியும் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் என்பதால் அழிக்கிறேன் என்று வாட்ஸ்அப் குழுவிலேயே எழுதிவிட்டு அழித்திருக்கிறார். அழித்ததற்கான காரணம் மட்டும் அழியாமல் தங்கிவிட்டது. எதிலும் ஒத்துப்போகாத மூன்று தேசங்களை ஒரே பொத்தான் ஒன்றாக்கியது.

இதற்கு நடுவில் சுகாதார அமைச்சராக இருந்த மாட் ஹான்காக். இவர் பத்திரமாக வைத்திருந்தார், ஒரு லட்சம் செய்திகள். ஆணையத்துக்காக அல்ல, தன் புத்தகத்துக்காக. கூட எழுதிய பத்திரிகையாளரிடம் மூட்டையாகத் தூக்கிக் கொடுத்தார். அந்தப் பத்திரிகையாளர் 2023-இல் அதை டெலிகிராஃப் நாளேட்டிடம் கொடுத்துவிட்டார். அதே ஆண்டு ஜூனில், ஜான்சனின் வாட்ஸ்அப் செய்திகளைத் திருத்தாமல் கொடு என்று ஆணையம் கேட்டதற்கு, அரசு தான் அமைத்த ஆணையத்தின் மீதே வழக்குப் போட்டது. ஜூலையில் தோற்றது. ஊர் பேப்பரில் வரலாம், நீதிபதி படிக்கக் கூடாது.

அழித்தது போக எஞ்சியதே நாறுகிறது. அன்றைய தலைமை அறிவியல் ஆலோசகர் பேட்ரிக் வாலன்ஸ் ராத்திரி ராத்திரி மனப்பாரம் தீர எழுதி வைத்த குறிப்புகள் இருக்கின்றன. பிரதமருக்கு வரைபடம் புரியாது. காலையில் ஒன்று சொன்னால் மாலையில் மறந்துபோகும். பின்னாளில் அமைச்சரவைச் செயலரான சைமன் கேஸ், ஒரு நாட்டை நடத்த இதைவிடத் தகுதியில்லாத கும்பலைப் பார்த்ததில்லை என்று செய்தி அனுப்பியிருக்கிறார். அந்த நாட்டின் மிக உயர்ந்த அரசு ஊழியர் நாற்காலிக்குப் போனவர் அவர். யாரோ ஒருவர் மூக்குக்குள் தலைமயிர் உலர்த்தும் கருவியைவிட்டு வைரஸைக் கொல்கிற வீடியோவைப் பிரதமர் அனுப்பி, இது எப்படி என்று விஞ்ஞானிகளைக் கேட்டதாக ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் எழுதிக் கொடுத்த சாட்சியத்தில் இருக்கிறது. நீண்டகாலக் கொரோனா பற்றி வந்த அறிக்கையின் ஓரத்தில் ஜான்சன் ஒரு கெட்ட வார்த்தையைக் கிறுக்கி வைத்திருந்தார். அதற்கும் மன்னிப்புக் கேட்டாயிற்று.

சிரிப்பு வருகிறதா? வாலன்ஸின் நாட்குறிப்பில் இன்னொரு பக்கத்தையும் படித்துவிட்டுச் சிரியுங்கள். முதியவர்கள் தங்கள் விதியை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே பிரதமருக்குப் பித்தாகப் பிடித்திருக்கிறது என்கிறது ஒரு குறிப்பு. கொரோனா என்பது கிழடுகளுக்கு இயற்கை காட்டுகிற வழி என்று தன் கட்சிக்காரர்கள் நினைக்கிறார்கள், தனக்கும் அதில் முழுமறுப்பு இல்லை என்ற பொருளில் அவர் பேசியதாக இன்னொன்று. சொன்னவர் காட்டுக்குள் இருக்கும் சாமியார் அல்ல. முதியோர் இல்லங்களின் சாவி யாரிடம் இருந்ததோ, அவர்.

அந்த இல்லங்களுக்கு வருவோம். 2020 மார்ச் 17 அன்று மருத்துவமனைப் படுக்கைகளைக் காலி செய்ய உத்தரவு போனது. அடுத்த நான்கு வாரங்களில் சுமார் 25,000 பேர் மருத்துவமனையிலிருந்து முதியோர் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோருக்குப் பரிசோதனை இல்லை. வேனில் ஏற்றினார்கள், இறக்கினார்கள், போய்விட்டார்கள். எண்பது வயதுக்காரி ஒருத்தியைத் தெரியாத்தனமாக ஆயுதமாக்கி இன்னும் நாற்பது எண்பது வயதுக்காரர்கள் இருக்கிற வீட்டுக்குள் தள்ளிவிட்டார்கள். மே மாதம் ஹான்காக் மேடையேறி, ஆரம்பத்திலிருந்தே முதியோர் இல்லங்களைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் போட்டிருந்தோம் என்றார். வளையம் இருந்தது உண்மைதான். பிள்ளைகள் உள்ளே போக முடியாமல் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். வைரஸுக்கு மட்டும் வழி விட்டிருந்தது அந்த வளையம். 2022 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அந்தக் கொள்கை சட்டவிரோதம் என்றது. 2025 ஜூலையில் ஆணையத்தின் முன்னால் வந்த ஹான்காக், இருந்த மோசமான வழிகளில் அதுதான் குறைந்த மோசம் என்றார். இடையில் அவர் சும்மா இருக்கவில்லை. 2022 நவம்பரில் ஆஸ்திரேலியக் காட்டில் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் ஒட்டகத்தின் அந்தரங்க உறுப்பைத் தின்று மூன்றாவது இடம் பிடித்தார். சம்பளம் 3,20,000 பவுண்ட். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே.

2025 நவம்பர் 20 அன்று ஆணையத்தின் இரண்டாம் அறிக்கை வந்தது. அரசியல் முடிவுகளைப் பற்றியது, ஏறத்தாழ 800 பக்கம். முதலாவது 2024 ஜூலையில் வந்தது. வராத காய்ச்சலுக்கு ஆயத்தம் செய்துவிட்டு வந்த நோய்க்கு விழித்தார்கள் என்று அதில் சொல்லியாயிற்று. நெருக்கடி வந்தால் யார் யாரிடம் பேச வேண்டும் என்று அரசு வைத்திருந்த வரைபடத்தை விசாரணையின் தொடக்கத்தில் திரையில் போட்டுக் காட்டினார்கள். இடியாப்பச் சிக்கல். 2016-இல் நடத்திய ஒத்திகைகளே முதியோர் இல்லங்கள் தாங்காது, பாதுகாப்பு அங்கி போதாது என்று எச்சரித்திருந்தன. ஒத்திகையில் தோற்றதை அப்படியே மேடையிலும் நடித்தார்கள்.

இரண்டாம் அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. மார்ச் 23-க்குப் பதில் மார்ச் 16 அன்றே ஊரடங்கு போட்டிருந்தால் இங்கிலாந்தில் முதல் அலையில் சுமார் 23,000 பேர் பிழைத்திருப்பார்கள். மாதிரிக் கணக்குத்தான், அரசு தரப்பு வக்கீல்கள் தொங்கிக்கொள்ள அந்த ஒரு சொல் போதும். பிப்ரவரி மாதம் வீணாய்ப் போன மாதம் என்றும், செய்தது குறைவு, செய்ததும் பிந்தி என்றும் ஹாலெட் எழுதுகிறார். பிப்ரவரி நடுவில் பள்ளி விடுமுறை வந்தது. பிரதமர் கென்ட் மாவட்டத்தில் செவனிங் மாளிகைக்குப் போய்விட்டார். பத்து நாட்கள் கொரோனா பற்றி அவர் காதில் யாரும் எதுவும் போட்டதற்குத் தடயம் இல்லை. மார்ச் 3 அன்று, நோயாளிகள் இருந்த மருத்துவமனையில் எல்லோரிடமும் கை குலுக்கினேன் என்று பெருமையடித்தார். மார்ச் 10 முதல் 13 வரை செல்டனாமில் குதிரைப் பந்தயம், இரண்டரை லட்சம் டிக்கெட். மார்ச் 11 அன்று லிவர்பூலில் மாட்ரிட் அணியோடு கால்பந்தாட்டம். மாட்ரிட்டில் சொந்த மைதானத்துக்குள் விடமாட்டோம் என்று தடுக்கப்பட்ட ரசிகர்கள் மூவாயிரம் பேர் விமானம் ஏறி இங்கே வந்து கத்தினார்கள். ஆங்கிலேயனுக்கு இயற்கையாகவே சுதந்திர வேட்கை அதிகமாம், சீக்கிரம் அடைத்தால் பொறுக்க மாட்டானாம். அதனால் வீட்டில் அடைக்கத் தயங்கினார்கள். பெட்டியில் அடைப்பதில் தயக்கம் இல்லை.

வடமேற்கு லண்டனில் ஹாரோ. ஈழத்தமிழர்கள் வீடு வாங்கிக் கடை வைத்துக் கோயில் எழுப்பிய பக்கம். அங்கே இருக்கிற நார்த்விக் பார்க் மருத்துவமனை 2020 மார்ச்சில் படுக்கை நிரம்பி நெருக்கடி நிலை அறிவித்தது. செவிலியர்கள் குப்பைப் பைகளைத் தலையிலும் காலிலும் கட்டிக்கொண்டு நின்ற படம் நாடு முழுக்கப் போனது. மருத்துவக் கழிவைப் போட்டுக் கட்டுகிற பை. அதை மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறுகிறவர் பக்கத்தில் போய் நின்றார்கள். அந்த நாட்டில் கொரோனாவால் இறந்ததாகப் பெயர் வெளிவந்த முதல் பத்து மருத்துவர்களும் ஆசிய, ஆப்பிரிக்க, மத்தியக் கிழக்கு வம்சாவளியினர். கப்பலேறிப் போய்ப் பரீட்சை எழுதி, கிழவர் கிழவிகளுக்கு வைத்தியம் பார்த்தவர்கள். வியாழன்தோறும் இரவு எட்டு மணிக்கு அரசும் மக்களும் வாசலில் நின்று கை தட்டினார்கள். தட்டி முடித்து அடுத்த ஆண்டு மார்ச்சில், செவிலியருக்கு ஒரு சதவீதச் சம்பள உயர்வு போதும் என்றது அரசு. பிறகு கூச்சல் எழுந்து மூன்றாக்கினார்கள். கை தட்டியது ஒரு கையால்தான் போலிருக்கிறது.

இனி அபராதம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஊரடங்கை மீறியதற்காகப் போலீஸ் கிழித்த சீட்டு ஒரு லட்சத்துக்கும் மேல். கூட்டம் கூட்டினால் 10,000 பவுண்ட் வரை தீட்டலாம் என்று விதி. 2020 அக்டோபரில் மில்டன் கீன்ஸ் தகன மண்டபம் ஒன்றில் ஒரு தகப்பனாரின் இறுதிச் சடங்கு. நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். அழுதுகொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் மகன் தன் நாற்காலியை நகர்த்திப் போட்டு அவள் தோளில் கையைப் போட்டான். மண்டப ஊழியர் கையை ஆட்டியபடி ஓடிவந்து சடங்கை நிறுத்தினார். நாற்காலிகள் பழைய இடத்துக்குப் போயின. வெம்பிளியிலும் ஈஸ்ட்ஹாமிலும் கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளைகள் ஜூமில் பார்த்து அழுதது இதே காலத்தில்தான்.

டௌனிங் தெருவில் நாற்காலிப் பிரச்சினை எழவில்லை, யாரும் உட்காரும் நிலையில் இல்லை. 2020 மே 20 அன்று, பொதுமக்கள் வெளியிடத்தில் ஒரே ஒருவரைச் சந்திக்கலாம் என்று இருந்தபோது, அவரவர் சரக்கைக் கொண்டுவாருங்கள் என்று பிரதமரின் முதன்மைச் செயலாளர் தோட்ட விருந்துக்கு மின்னஞ்சலில் அழைப்பு அனுப்பினார். ஜூன் 18 அன்று நடந்த இன்னொரு விருந்தில் ஒருவர் வாந்தி எடுத்தார், இருவர் முட்டிக்கொண்டார்கள். பாட்டுப் பாடும் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஹெலன் மக்னமாரா. அதற்குக் கொஞ்ச நாள் முன்புவரை அரசின் நன்னடத்தை, நெறிமுறைப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். ஆணையத்தில் அவர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விதிகள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்ட ஒரு நாளைக் காட்டுங்கள் என்றால் கஷ்டம் என்றார். 2021 ஏப்ரல் 16 இரவு பெட்டி கொண்டுபோய் ஒயின் நிரப்பி வந்தார்கள். மறுநாள் விண்ட்சரில் எலிசபெத் ராணி, கணவர் பிலிப்பின் சவப்பெட்டிக்கு எதிரே முகக்கவசத்தோடு தனியாக உட்கார்ந்திருந்தார். ராணிக்கும் நாற்காலி தள்ளித்தான் போட்டார்கள்.

விருந்துகளுக்காக 83 பேருக்கு 126 அபராதச் சீட்டு. ஜான்சனுக்கும் சுனக்குக்கும் ஆளுக்கொன்று, 2020 ஜூன் 19 பிறந்தநாள் கூட்டத்துக்காக. கேக் வைத்துப் பிரதமரைத் திடீர்த் தாக்குதல் நடத்திவிட்டார்கள் என்று கானர் பர்ன்ஸ் என்கிற அமைச்சர் தொலைக்காட்சியில் வாதாடினார். பாவம், கேக்கிடமிருந்து தப்ப வழியில்லை. அபராதம் 100 பவுண்ட், சீக்கிரம் கட்டினால் பாதி. ஐம்பது பவுண்டில் முடிந்தது. சுனக்குக்கு ஐம்பது சதவீதத் தள்ளுபடி பழக்கமானதுதான். 2020 ஆகஸ்டில், திங்கள் முதல் புதன் வரை உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் பாதி விலை, தலைக்குப் பத்து பவுண்ட் வரை அரசு தரும் என்று திட்டம் போட்டவர் அவர். செலவு ஏறத்தாழ 85 கோடி பவுண்ட். விஞ்ஞானிகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி, வைரஸுக்கு உதவச் சாப்பிடப் போங்கள் என்று அந்தத் திட்டத்துக்குத் தனிப்பட்ட முறையில் பெயர் வைத்திருந்தார்.

இதைப் படித்துவிட்டு, அங்கே விசாரணையாவது வைத்தார்களே என்று ஒருவர் பெருமூச்சு விடலாம். விடுங்கள், நியாயம்தான். 2021 ஜூலையில், ஆக்ஸிஜன் இல்லாமல் யாரும் இறந்ததாக எந்த மாநிலமும் தெரிவிக்கவில்லை என்று மாநிலங்களவையில் எழுத்தில் பதில் தந்தது இந்திய ஒன்றிய அரசு. சிலிண்டருக்குத் தெருத்தெருவாய் அலைந்தவர்களெல்லாம் உடற்பயிற்சிக்கு அலைந்ததாக வைத்துக்கொள்ள வேண்டும். நமக்கு அழிக்கிற பொத்தான்கூடத் தேவைப்படவில்லை, எழுதினால்தானே அழிக்க.

மீண்டும் லண்டனுக்கு. இரண்டாம் அறிக்கையில் 19 பரிந்துரைகள். ஏற்பதும் ஏற்காததும் அரசின் விருப்பம். ஜான்சன் தான் பத்தி எழுதும் நாளேட்டில் அறிக்கையைக் கிழித்துத் தொங்கவிட்டார். பாடம் படிக்க வந்த மாணவர் வாத்தியாருக்கு மதிப்பெண் போட்டாயிற்று.

ஒரு பாடத்துக்கு மட்டும் வகுப்பறைக் கதவையே சாத்தினார்கள். 2020-இல் பாதுகாப்பு அங்கி, முகக்கவசம் வாங்க அரசு ஒரு தனி வரிசை வைத்திருந்தது. அமைச்சரோ பிரபுவோ சிபாரிசு செய்தால் நேராக முன்னால் போகலாம். அதுவும் சட்டவிரோதம் என்று 2022 ஜனவரியில் நீதிமன்றம் சொன்னது. அந்த வரிசையில் பிரபுக்கள் சபை உறுப்பினர் மிஷெல் மோன் சிபாரிசு செய்த நிறுவனம் பிபிஇ மெட்ப்ரோ. 20 கோடி பவுண்டுக்கு மேல் ஒப்பந்தம் கிடைத்தது. எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நெடுங்காலம் மறுத்துவந்த மோன், பத்திரிகைகளிடம் பொய் சொன்னேன், அது குற்றமில்லையே என்று 2023 டிசம்பரில் பிபிசியில் சொன்னார். வேறு தவறு எதுவும் செய்யவில்லை என்பது அவர் வாதம். குற்றப் புலனாய்வு நடந்துவந்ததால், இந்த நிறுவனத்தைப் பற்றிய சாட்சியத்தை ஆணையம் மூடிய கதவுக்குள் கேட்டது. அந்த நிறுவனம் கொடுத்த இரண்டரைக் கோடி அங்கிகள் கிருமி நீக்கம் செய்யப்பட்டவை என்று நிரூபணம் ஆகவில்லை. ஒன்றுகூட மருத்துவமனைக்குப் போகவில்லை. ஹாரோவில் குப்பைப் பை மாட்டியவர்கள் நினைவிருக்கட்டும்.

2025 அக்டோபர் 1 அன்று உயர்நீதிமன்றம் பணத்தைத் திருப்பிக் கொடு என்று தீர்ப்பளித்தது. 12 கோடியே 19 லட்சத்து 99 ஆயிரத்து 219 பவுண்ட், 20 பென்ஸ். அதற்கு முந்தின நாளே நிறுவனம் நொடித்துப்போனதாகச் சொல்லி நிர்வாகிகளை நியமிக்க மனுப் போட்டுவிட்டது. கையிருப்பு ஏழு லட்சம் பவுண்டுக்கும் குறைவு. கெடு அக்டோபர் 15, மாலை நான்கு மணி. நான்கு மணி அடித்தது, பணம் வரவில்லை. ஊரடங்கு அபராதத்தை 28 நாளுக்குள் கட்டாதவர்களை அதே நாட்டில் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். அந்த 20 பென்ஸையாவது யாராவது கொண்டுவந்து கட்டினார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள்.